முன்கூட்டிச் சொன்னால் என்ன?

உங்கள் இல்லத்திலோ அடுத்த இல்லத்திலோ சாஃப்ட்வேர் நிறுவனத்தில் பணியாற்றும் பிள்ளை ஒருவர் இருக்கக்கூடும். மாதக்கணக்கில் மாலை ஏழு மணிக்கெல்லாம் வீடு திரும்பியவர் திடீரென்று நள்ளிரவுக்குப் பின் வரத் தொடங்குவார். ஞாயிற்றுக்கிழமையும் புறப்பட்டுவிடுவார். தட்டின் முன் அமர்ந்தும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஏன் வாப்பா உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்?" என்று தாயார் கேட்டால், "புராஜக்ட் முடிகிற நேரம் உம்மா" என்று பதில் வரும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பதில் அரை உண்மை. முடிகிற நேரத்தில் வெடிக்கும் தொல்லைகளுள் பெரும்பாலானவை, தொடங்குகிற நேரத்தில் எவரோ ஒருவருக்குத் தெரிந்தே இருந்தவை. அவை பேசப்படவில்லை, அல்லது பேசியவர் வாயடைக்கப்பட்டார்.

இன்னும் நேராத, ஆனால் நேரக்கூடிய இழப்பை எங்கள் தொழிலில் இடர் என்போம். நேர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் சிக்கல். இடரைக் கையாளச் செலவு குறைவு. சிக்கலைக் கையாளச் செலவு மிகுதி. இவ்வளவு எளிய கணக்கைப் படித்தவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

நம் வீடுகளையே எண்ணிப் பாருங்கள். வெளியூர்ப் பயணம் புறப்படும்போது, "வழியில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வோம்?" என்று ஒரு சிறுவன் கேட்டுவிட்டால் போதும், "நல்ல வார்த்தை பேசு" என்று பெரியவர்கள் அதட்டிவிடுவார்கள். ஆனால் அதே பெரியவர்கள் நிக்காஹ் விருந்துக்கு நூறு ஸஹன் என்று கணக்கிட்டால், நூற்றுப்பத்து ஸஹனுக்கு அரிசி அளந்து கொடுப்பார்கள். ஐப்பசியில் தேதி குறித்தால் பந்தலுக்கு மேல் தார்ப்பாய் கட்டச் சொல்வார்கள். கையால் செய்வதை வாயால் சொல்லத்தான் தயக்கம். விருந்துக்கு அது போதும். அரிசியும் தார்ப்பாயும் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். மென்பொருளோ கண்ணுக்குத் தெரியாதது. அதில் எவ்வளவு முடிந்திருக்கிறது, எது ஆட்டம் காண்கிறது என்பதை வாயால் சொன்னாலன்றி மற்றவர் அறிய வழியில்லை.

வாய்விட்டுச் சொல்லியும் கேளாமற்போனதற்கு ஒரு பெரிய சான்று அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் உண்டு. அந்நகரம் புதிதாகக் கட்டிய விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகளைத் தானியங்கி வண்டிகளே சுமந்து செல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளத் தண்டவாளம், 4,000 சிறு வண்டிகள், அவற்றை ஆட்டுவிக்கச் சுமார் 100 கணினிகள். ஒப்பந்தத் தொகை 19 கோடியே 30 லட்சம் டாலர். திறப்பு விழாவுக்குக் குறித்த நாள் 1993 அக்டோபர் 31.

இது மிகச் சிக்கலானது, குறித்த காலத்தில் இயலாது என்று ஆலோசனை நிறுவனமொன்று 1990ஆம் ஆண்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தது. இதைவிட எளிய அமைப்பை நிறுவியிருந்த ஜெர்மனியின் மியூனிக் விமான நிலையத்தார், திறப்பதற்கு முன் ஆறு மாதங்கள் இரவு பகலாக ஓட்டிப் பார்த்தோம் என்று எடுத்துரைத்தனர். ஒப்பந்தப்புள்ளி அளித்த மூன்று நிறுவனங்களில் ஒன்றுகூட அந்த நாளுக்குள் முடித்துத் தர முடியும் என்று சொல்லவில்லை. இத்தனைக்கும் பிறகு வேறொரு நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. நாள் மட்டும் மாறவில்லை.

விளைவு என்ன? 1994இன் முற்பகுதியில் செய்தியாளர்களை அழைத்து ஓட்டிக் காட்டியபோது பெட்டிகள் நசுங்கின. உள்ளிருந்த துணிகள் பாதையெங்கும் சிதறின. மற்றக் கட்டுமானம் ஏறக்குறைய ஆயத்தமாக இருந்தும், பெட்டி சுமக்கும் வண்டிகளுக்காக ஒரு விமான நிலையமே பூட்டிக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் 10 லட்சம் டாலருக்கு மேல் இழப்பு. கடைசியில் ஐந்து கோடி டாலர் அளவில் செலவிட்டு, இழுவை வண்டிகளைக் கொண்டு பெட்டி சுமக்கும் பழைய முறையையும் அமைத்த பின்னரே, பதினாறு மாதத் தாமதத்தில், 1995 பிப்ரவரி 28 அன்று நிலையம் திறந்தது. தானியங்கி அமைப்பின் ஒரு பகுதி மட்டும் ஒரே ஒரு விமான நிறுவனத்துக்குப் பயன்பட்டது. பராமரிப்புக்கு மாதம் 10 லட்சம் டாலர் ஆகிறது என்று 2005இல் அந்நிறுவனமும் அதைக் கைவிட்டது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது மென்பொருளின் பழுது அன்று. புதிய முயற்சியில் பழுது வருவது இயல்புதான். "இது நேரத்துக்கு முடியாவிட்டால் பெட்டிகளை எப்படிச் சுமப்போம்?" என்ற ஒற்றைக் கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டு, இழுவை வண்டிகளை முன்பே ஏற்பாடு செய்து வைத்திருந்தால், தாமதம் பெட்டி வண்டிகளோடு நின்றிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்பதே நம்பிக்கைக் குறைவு என்றாகிவிட்ட இடத்தில், தார்ப்பாய் கட்ட எவரும் முன்வருவதில்லை.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அவர்களுடைய பழைய கணக்குகள் எந்த வடிவத்தில் வரும் என்று மூன்று மாதங்களாகியும் தகவல் இல்லை. பணியில் சேர்ந்து ஓராண்டே ஆன சகோதரி ஒருவர் வாரக் கூட்டத்தில், "அது வராமலே போனால் நம் வேலையில் பாதி வீணாகுமே" என்றார். நானும் அவரை வழிமொழிந்தேன். இருவருக்கும் ஒரே பதில்தான்: "ஏன் எப்போதும் நெகட்டிவாகவே பேசுகிறீர்கள்?" மேலிடத்துக்குச் செல்லும் அறிக்கையில் அந்த வரிக்குப் பச்சை நிறமே தொடர்ந்தது. எங்கள் அறிக்கைகளில் பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் ஆபத்து. பச்சையாகவே இருந்த அந்த வரி ஒரு திங்கட்கிழமை நேரே சிவப்பாயிற்று. இடையில் மஞ்சள் என்றொரு நிறம் இருப்பதையே மறந்துவிட்டார்கள். அந்த ரமலானில் பல நாள் அச்சகோதரி அலுவலகத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார். பெருநாளன்று பிற்பகலிலும் அவரை வரச்சொன்னார்கள். எச்சரித்தவருக்கே தண்டனை!

ஆட்களைக் கூட்டினால் ஆயிற்று என்பார் சிலர். ஐ.பி.எம். நிறுவனத்தின் மாபெரும் மென்பொருள் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே இதை மறுத்து எழுதினார். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பழையவர்கள் அமர வேண்டும். ஒருவருக்கொருவர் பேச வேண்டியதும் பெருகும். தாமதமான பணி மேலும் தாமதமாகும். பாரி போம் என்ற அறிஞர் 1980களில் வேறொரு வழி காட்டினார்: எது நம்மை அதிகம் அச்சுறுத்துகிறதோ, அதையே முதலில் சிறிய அளவில் செய்து பார். நடைமுறையோ நேர்மாறு. பார்க்க அழகான திரைகளை முதலில் செய்து காட்டி வாடிக்கையாளரை மகிழ்விப்பார்கள். கடினமானது கடைசி மாதத்தில் காத்திருக்கும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வாசலை மட்டும் வெள்ளையடித்துக் காட்டுவது போல!

சொல்லத் தயங்கும் இயல்புக்கு நான் கண்ட நல்ல மருந்து, கேரி கிளைன் என்ற உளவியலாளர் பரப்பிய ஒரு பழக்கம். பணி தொடங்கும்போதே அனைவரையும் அமர்த்தி, "இப்பணி தோற்றே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் தோற்றது என்று எழுதுங்கள்" என்று தாளைக் கொடுப்பது. 'தோற்குமா?' என்று கேட்டால் மௌனம் சாதிப்பவர்கள், 'தோற்றுவிட்டது' என்றதும் தாராளமாக எழுதுகிறார்கள். அபசகுனம் பேசிய பழி எவர் மீதும் விழுவதில்லை அல்லவா? எழுதியவற்றுள் எது நேர வாய்ப்பு மிகுதி, நேர்ந்தால் எதன் சேதம் பெரிது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரையும் ஒரு தேதியையும் குறித்துவிடுவேன். பெயரும் தேதியும் இல்லாத பட்டியல் மேசை இழுப்பறையில் தூங்கும்.

சென்ற முறை ஓர் இளைஞர் எழுதிய தாளில் ஒரே வரிதான் இருந்தது: "சர்வர் வேலை முழுவதும் எனக்கு மட்டுமே தெரியும், மார்ச் மாதம் எனக்கு நிக்காஹ்." அந்த வாரமே வேறு இருவரை அவரருகே அமர்த்தி அவ்வேலையைக் கற்கச் செய்தோம். மார்ச் மாதத்தில் சர்வர் ஒருநாள் நின்றது; கற்ற இருவரும் ஒரு மணி நேரத்தில் சரிசெய்தனர். மாப்பிள்ளைக்கு அச்செய்தி, விடுமுறை முடிந்து வந்த பிறகுதான் தெரியும்.