ஒரு கோடையும் ஒரு கையொப்பமும்

1999-ஆம் ஆண்டு தை மாதம் எனக்குத் திருமணம் நடந்தது. மாசியில் தஞ்சாவூரை விட்டுப் பெங்களூருக்குக் குடிவந்தேன். என் கணவர் அங்கே ஒரு வங்கியில் எழுத்தராகப் பணியாற்றினார். அனுமந்தநகரில் ஒரு வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகள் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தன. அம்மா கொடுத்தனுப்பிய பாத்திரங்களையும், பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்த தஞ்சாவூர் ராஜா ராணிப் பொம்மைகளையும் அடுக்கி வைத்ததோடு என் குடித்தனம் தொடங்கியது.

அந்த ஊர் எனக்குப் பிடிக்கவில்லை. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது. கறிகாய்க்காரர் சொல்லும் விலை புரியாது. 1991-இல் காவிரி நீர்ச் சிக்கலையொட்டி அந்நகரில் நடந்த கலவரத்தைப் பற்றி ஊரில் பலர் சொல்லக் கேட்டிருந்தேன். ஆதலால் வெளியே போகும்போது கணவரிடம்கூடத் தாழ்ந்த குரலிலேயே தமிழ் பேசுவேன். அங்கிருந்தவர் எவரும் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆயினும் அச்சம் என்னைவிட்டு அகலவில்லை.

ஒருநாள் மாலை அவர் வீடு திரும்பியபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இந்தக் கோடை முடியட்டும். அப்போதும் உனக்கு மனம் ஒட்டவில்லை என்றால் தஞ்சாவூருக்கு இடமாற்றம் கேட்டு எழுதுகிறேன்" என்றார். மறுநாள் விண்ணப்பத்தை எழுதித் தேதியிடாமல் அலமாரியில் வைத்தார். அவ்வாறு மாறினால் அடுத்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போகும் என்பதை அவர் சொல்லவில்லை. பின்னர் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். நான் நாள்காட்டியில் மே 31-ஐச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தேன்.

வீட்டு உரிமையாளரான மூதாட்டியை நாங்கள் அஜ்ஜி என்று அழைப்போம். கன்னடத்தில் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என்னைக் காணும்போதெல்லாம் "ஊட்ட ஆயித்தா?" என்பார். இந்த அம்மையார் ஏன் எனக்குச் சோறு ஊட்ட வேண்டும் என்று நினைக்கிறார் என எண்ணி நான் விழிப்பேன். 'சாப்பாடு ஆயிற்றா?' என்பதே அதன் பொருள் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. உங்களில் சிலருடைய தாய்மாருக்கும் இத்தகைய கதை ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மார்ச் 25 அன்று இராமநவமி வந்தது. அஜ்ஜி பானகமும் கோசம்பரியும் கொண்டுவந்து கொடுத்தார். ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரித் துருவலும் கலந்து தாளித்த கோசம்பரியை நான் அன்றுதான் முதன்முதலில் உண்டேன். மாலையில் எங்களைச் சாமராஜபேட்டைக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் நடத்திவரும் இசைவிழா அது. இராமநவமியையொட்டித் தொடங்கி ஒரு மாதத்திற்கும் மேலாக மாலைதோறும் கச்சேரி நடக்கும். நுழைவுச்சீட்டு வாங்கிய நாள்களில் பந்தலுக்குள் அமர்ந்தோம்; மாதக் கடைசியில் வெளியே நின்று ஒலிபெருக்கியில் கேட்டோம். வெளியே நிற்பவர்களிடமும் நல்ல இசையறிவு உண்டு. தாளம் தவறாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவைப் பார்த்துத்தான் இதை அறிந்தேன்.

சிறுமியாக இருந்தபோது மூன்றாண்டுகள் நான் பாட்டுக் கற்றவள். ஒருநாள் வீடு திரும்பும் வழியில், அஜ்ஜி கேட்டுக்கொண்டதற்காக, மலஹரி இராகத்தில் அமைந்த முதல் கீதத்தை மெல்லப் பாடினேன். "உனக்குக் கன்னடம் தெரியாது என்றாயே!" என்று அவர் சிரித்தார். பிள்ளாரி கீதங்கள் என்று நாம் கற்பவை புரந்தரதாசர் இயற்றியவை. அவர் பதினாறாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்தவர். ஏழு வயதில் நான் மனப்பாடம் செய்தது கன்னட நாட்டுப் பாட்டு என்பதை எனக்கு எவரும் சொன்னதில்லை. எங்கள் ஊருக்கு அருகே திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் தெலுங்கில் பாடினார் என்பதை மட்டும் அறிந்திருந்தேன். அதையும் நான் வியப்பாகக் கருதியதில்லை. மறுநாள் முதல் அஜ்ஜியிடம் கன்னட எழுத்துகளைக் கற்கத் தொடங்கினேன். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று அதற்காகவே வாங்கினேன்.

ஏப்ரல் 10 அன்று 'படையப்பா' வெளியாயிற்று. இரண்டாம் வாரத்தில் சிவாஜிநகர்ப் பக்கத்துத் திரையரங்கு ஒன்றுக்குப் போனோம். சீட்டு தீர்ந்துவிட்டது என்றார்கள். வாயிலோரத்தில் ஒருவர் அதையே மூன்று மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். என் கணவர் வங்கிக் கணக்கில் பைசா விடாதவர். அரைமணி நேரம் தம் கொள்கையை எனக்கு விளக்கினார், பிறகு வாங்கிவிட்டார். உள்ளே எழுந்த ஆரவாரத்தில் பாதி வசனம் என் காதில் விழவில்லை. ரஜினிகாந்த் இந்நகரில் பிறந்து, இந்நகரப் பேருந்துகளில் நடத்துநராக இருந்தவர் என்பது நீங்கள் அறிந்ததே. வீட்டில் மராத்தியும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தவரைத் தமிழ்நாடு தன் பிள்ளையாக்கிக்கொண்டது. திரும்பும்போது பேருந்தில் நடத்துநர் சில்லறை கொடுத்த வேகத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

நான் சொல்ல வந்தது வேறொரு படத்தைப் பற்றி. மே மாதத் தொடக்கத்தில், பழைய படங்களைத் திரும்பத் திரையிடும் ஓர் அரங்கில் 'கஸ்தூரி நிவாஸா' என்னும் கன்னடப் படத்தைப் பார்த்தோம். 1971-இல் வந்த அப்படத்தில் ராஜ்குமார் நடித்திருந்தார். இல்லையென்று சொல்லாமல் கொடுத்தே வறியவராகும் ஒரு செல்வரின் கதை அது. நான்கு ஆண்டுகளுக்குப்பின் சிவாஜி கணேசன் நடிக்க 'அவன்தான் மனிதன்' என்ற பெயரில் தமிழில் வந்ததும் இக்கதையே. இசையமைத்தவர் ஜி.கே. வெங்கடேஷ். தனித்துப் பெயர்பெறுவதற்கு முன் இளையராஜா இவரிடம்தான் உதவியாளராக இருந்தார்.

முதல் அரைமணி நேரம் கணவர் என் காதருகே பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஒரு பாட்டு தொடங்கியது. எப்படிச் சாய்த்தாலும் விழாமல் நிமிரும் ஒரு பொம்மையைப் பற்றிய பாட்டு. அடி கனத்த அந்தப் பொம்மையை எனக்குத் தெரியும்! எங்கள் அலமாரியில் இருக்கும் ராஜாவும் ராணியும் அவ்வாறே சாய்ந்து நிமிர்வார்கள். பாடிய குரலும் எனக்குத் தெரியும். ஜெமினி கணேசனுக்காகத் தமிழில் பாடிய குரல்; எங்கள் வீட்டு வானொலியில் அப்பா கண்மூடிக் கேட்ட குரல். என்னை மறந்து, "இது நம் பி.பி. ஸ்ரீநிவாஸ் அல்லவா!" என்று உரக்கத் தமிழில் சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அவரோ, "ஹௌது அம்மா, நம்ம பி.பி.எஸ்!" என்று மகிழ்ச்சியோடு தலையசைத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் 'நம்ம' என்றார். நானும் 'நம்' என்றேன். பி.பி. ஸ்ரீநிவாஸோ ஆந்திரத்துக் காக்கிநாடாவில் பிறந்தவர்.

மே மாதக் கடைசியில் உறவினர் திருமணம் ஒன்றுக்காகச் சென்னை சென்றோம். வெயில் தாளாமல் ஒரு பிற்பகலில் கதீட்ரல் சாலையிலிருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் ஒதுங்கினோம். மரநிழலில் மகிழுந்தை நிறுத்திவிட்டு அதிலிருந்தபடியே உண்ணலாம். எங்களிடம் மகிழுந்து ஏது? கூடத்திற்குள் போய் அமர்ந்தோம். காப்பி வந்த பிறகுதான் சற்றுத் தள்ளி இருந்த மேசையைக் கவனித்தேன். முதியவர் ஒருவர் தனியே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் பல வண்ணப் பேனாக்கள். நான் கணவரின் முழங்கையைப் பற்றினேன். பி.பி. ஸ்ரீநிவாஸ் அந்த உணவகத்திற்கு நாள்தோறும் வந்து எழுதுவார் என்பது சென்னைவாசிகள் பலர் அறிந்த செய்தி. நாங்கள் அறிந்திருக்கவில்லை.

"தொந்தரவு செய்யாதே" என்றார் கணவர். நான் எழுந்துவிட்டேன். கையொப்பம் வாங்க என் பையில் இருந்த ஒரே தாள் கன்னட எழுத்துப்பயிற்சிக் குறிப்பேடுதான். அதை நீட்டினேன். கோணல்மாணலாக நான் எழுதியிருந்த கன்னட எழுத்துகளை அவர் பார்த்தார். எந்த ஊர் என்று தமிழில் கேட்டார்.

அதுவரை எவர் கேட்டாலும் தஞ்சாவூர் என்றே சொல்லிவந்தேன். "பெங்களூர்" என்றேன். பக்கத்தில் வந்து நின்ற கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. "கன்னடத்தில் கையொப்பமிடுவீர்களா ஐயா?" என்று கேட்டேன். அவர் பையிலிருந்த பேனாக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். கஸ்தூரி நிவாஸாவைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்ற நினைவே ரயிலில் ஏறிய பிறகுதான் வந்தது. அதற்காக இன்றும் என்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த விண்ணப்பத்தில் தேதி போடவே இல்லை. அதன்பிறகு நான் அழுததே இல்லை என்றால் அது பொய். முதல் தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியாதபோது நன்றாக அழுதேன். அஜ்ஜிதான் அருகே அமர்ந்து, ஊட்ட ஆயித்தா என்று கேட்டார்.

அவ்வுணவகம் 2008-இல் மூடப்பட்டது. அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்காவாக இருக்கிறது. பி.பி. ஸ்ரீநிவாஸ் 2013 ஏப்ரலில் காலமானார். குறிப்பேடு எங்களிடம் இருக்கிறது. என் மகள் பெங்களூரில் பிறந்தவள். பள்ளியில் தமிழை விருப்பப்பாடமாக எடுத்துப் படித்தாள். ஆறாம் வகுப்பில் இருந்தபோது அலமாரியைத் துடைக்கையில் அதை எடுத்துப் புரட்டினாள். "அம்மா, கையொப்பம் அழகாக இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் நீ எழுதிய 'ளகர'த்தில்தான் பிழை" என்றாள்.