தேர் வடம் முதல் மனு ரசீது வரை: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையத்தில் காக்கிகளின் இன்னொரு முகம்!

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்வது அநேகமாக ஒரு காவலராகத்தான் இருக்கும். ``கோபுரத்தைப் பார்த்துக்கிட்டே நேரா போங்கம்மா. செயினைச் சேலையோட சேர்த்து ஊக்கு குத்திக்கோங்க" என்று கையோடு ஓர் எச்சரிக்கையும் வரும். 11 நிலைகளோடு 192 அடி உயரத்துக்கு நிற்கும் கோபுரம் அது, தமிழக அரசு முத்திரையில் இருப்பதாகச் சொல்லப்படுவது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது. செயின் விஷயத்தில்தான் கவனம் வேண்டும்.

ஆண்டாள் அவதரித்த நாளில் நடக்கும் இந்தத் தேரோட்டத்துக்கு விருதுநகர் மாவட்டமே உள்ளூர் விடுமுறை விட்டுவிடும். தமிழகத்தின் பெரிய தேர்களில் ஒன்று ரத வீதிகளில் அசைந்து வரும்போது எல்லோர் கண்ணும் மேலே ஆண்டாள், ரெங்கமன்னார் மீதுதான் இருக்கும். பந்தோபஸ்துக்கு நிற்பவர்களுக்கு மட்டும் பார்வை கீழே, சக்கரத்தின் மீது. தேர் நேராகப் போகும்வரை பெரிய சிக்கல் இல்லை. வீதி முனையில் திரும்பும்போதுதான் ஆபத்து. வடம் ஒரு பக்கமாக வீசும், அந்தப் பக்கம் நிற்கும் கூட்டம் வீட்டுச் சுவரோடு நெருக்கப்படும். முட்டுக்கட்டை போடுபவர்கள் குனிந்து வேலை பார்க்க இடம் வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து, கைகோத்து நின்று அந்த இடத்தை வாங்கிக் கொடுப்பது காவலர்களின் வேலை. தேருக்கு முன்பே மின்வாரியத்தோடு பேசி மின்சாரத்தை நிறுத்துவதும் அலங்காரத்துக்காகச் செய்யப்படுவதல்ல. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்ததைத் தமிழகம் மறக்கவில்லை.

காணாமல்போன குழந்தையின் சட்டை நிறத்தை மைக்கில் சொல்வது, மயங்கிய பாட்டியை நிழலுக்குத் தூக்கி வருவது, தொலைந்த பர்ஸுக்கு ஆறுதல் சொல்வது... இதெல்லாம் எந்தச் செய்தியிலும் வராது. `தேர் நிலைக்கு வந்தது' என்பதுதான் மறுநாள் செய்தி. பங்குனியில் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழிக்கும் இதே கதைதான்.

கோயிலோடு வேலை முடிவதில்லை. வத்திராயிருப்பைத் தாண்டினால் தாணிப்பாறை. சதுரகிரி சுந்தரமகாலிங்கத்தைத் தரிசிக்க மலையேறுபவர்களின் அடிவாரம் அது. ஆடி அமாவாசைக்கு வரும் கூட்டத்தை ஒரு ஒற்றையடிப் பாதையில் ஏற்றி இறக்க வேண்டும். காடு வனத்துறையுடையது, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. பக்தர்கள் ஏறும் அடிவாரம் விருதுநகர் மாவட்டம், மலை மேலே மதுரை மாவட்டம். ஆகவே இரண்டு மாவட்டப் போலீஸாரும் சேர்ந்து கவனிக்க வேண்டிய இடம்.

அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்து ஓடையில் தண்ணீர் பாய்ந்து வருவது இங்கே சகஜம். 2015 மே மாதம் அப்படி வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். மழை எச்சரிக்கை என்றால் இப்போது அடிவாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை முகத்துக்கு நேராக வாங்கிக்கொண்டு, `இன்னைக்கு வேண்டாம் சாமி' என்று திருப்பி அனுப்புவதும் சேவைதான். ஆனால், அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது இங்கேதான். அதனால் அருப்புக்கோட்டையிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் கைதியோடு, கட்டுக் காகிதத்தோடு, சாட்சியோடு காவலர்கள் இந்த ஊருக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, வாய்தாவுக்கு வந்தவர் பையிலும் இருக்கும், அழைத்து வந்த ஏட்டையா பையிலும் இருக்கும்.

இங்கிருந்து ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர். வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மதுரை - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை என்பதால் குற்றால சீசனிலும் சபரிமலை சீசனிலும் இந்தச் சாலைக்குத் தூக்கமே கிடையாது. ரசிக்க வேண்டிய சாலை. ஆனால், அதற்கு ஒரு கசப்பான காலமும் உண்டு.

1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டபோது, அதற்கு எழுந்த எதிர்ப்பு சாதிக் கலவரமாக மாறியது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரக் கிராமங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்கள் அத்தனையையும் அரசு எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம், விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். அந்த நாள்களைப் பார்த்த தலைமுறை இன்றும் இருக்கிறது. ஊர் முனையில் போலீஸ் வேன் நின்றால் சிலருக்குத் தைரியம் வரும், சிலருக்கு வயிறு கலங்கும்.

இந்தப் பயத்தைப் போக்கத்தான் பக்கத்திலேயே ஒரு யோசனை பிறந்தது. 1985 வரை ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அதே ராமநாதபுரத்தில் 1993-ல் எஸ்.பி-யாக இருந்த பிரதீப் வி.பிலிப் `ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் காயமடைந்து பிழைத்தவர் அவர். ஊர் இளைஞர்கள் போலீஸுக்கும் மக்களுக்கும் நடுவே பாலமாக இருப்பார்கள் என்பது கணக்கு. திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அமைப்பைக் கலைத்தது. பொறுப்பு இல்லாமல் அதிகாரத்தின் நிழல் மட்டும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். பயிற்சியும் சீருடையும் தனிச் சட்டமும் உள்ள ஊர்க்காவல் படை வேறு, அது தொடர்கிறது. திருவிழாக் கூட்டத்தில் காவலர்களுக்குத் தோள் கொடுப்பது அவர்கள்தான்.

ராஜபாளையத்துக்குள் நுழைந்தால் இது மில் ஊர், பஞ்சு ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே கொடுத்து உருவான காந்தி கலை மன்றம் இங்கே இருக்கிறது. காவலுக்குப் பேர்போன ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். பஞ்சு மார்க்கெட் பகுதியில் டிராஃபிக் டியூட்டி பார்ப்பவருக்குத்தான் ஊரின் அத்தனை அவசரமும் தெரியும். ஷிஃப்ட்டுக்கு ஓடுபவர், தென்காசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர், நடுவே லாரி.

ரோட்டில் `சார், பஸ் எங்கே நிக்கும்?' என்று சாதாரணமாகக் கேட்கும் அதே மனிதர்கள், ஸ்டேஷன் படியேற மட்டும் துணைக்கு ஒரு `தெரிஞ்சவரை'த் தேடுகிறார்கள். தேர் வீதியில் இருந்த நெருக்கம் படிக்கட்டோடு நின்றுவிடுகிறது.

அந்தப் படியைத் தாண்டினால் இருப்பது ஒரு பதிவேடு. தமிழகக் காவல் நிலையங்களில் புகார் கொடுத்தால் `சி.எஸ்.ஆர்' போட்டுத் தருவார்கள். அதன் விரிவாக்கம் `கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர்.' பெயரிலேயே சேவை இருக்கிறது! பண விவகாரம், குடும்பத் தகராறு, அண்டை வீட்டுச் சண்டை என ஏராளமான மனுக்கள் இதில்தான் ஏறும். கூப்பிட்டுப் பேசி முடித்து வைத்தால் இரண்டு வீட்டுக்கும் கோர்ட் அலைச்சல் மிச்சம். பெண்கள் தயங்காமல் பேசத்தான் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி மாநிலம் முழுக்க அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் வந்தன.

ஆனால் சி.எஸ்.ஆர் என்பது எஃப்.ஐ.ஆர் அல்ல. போலீஸ் நேரடியாக வழக்கு பதியக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். சதுரகிரிக்கு வந்த இடத்தில் பணம் பறிபோன சேலத்துக்காரர், ஊருக்குத் திரும்பியும் புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். ஸ்டேஷனில் பதிய மறுத்தால் எஸ்.பி-க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வெறும் அடையாள அட்டையோ லைசென்ஸோ தொலைந்திருந்தால் ஸ்டேஷனுக்கே போக வேண்டாம், தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே பதிவு செய்யலாம்.

நேரில் மனு கொடுப்பவர்கள் ஒரு நகல் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ரசீதில் எண்ணும் தேதியும் ஸ்டேஷன் முத்திரையும் இருக்கிறதா என்று படியிறங்கும் முன் பார்த்துக்கொண்டால், அடுத்த முறை `தெரிஞ்சவர்' தேவைப்பட மாட்டார்.