மூன்றரைக் கட்டை எங்கே போச்சு?

ராஜபாளையத்தில் கீபோர்டு வகுப்பில் சேர்ந்த ரெண்டாவது வாரம். "எந்த ஸ்கேல்ல வாசிக்கப் போற?" என்று மாஸ்டர் கேட்டார். வாய் சும்மா இருந்திருக்கலாம். "நாலு கட்டை சார்" என்று சொல்லித் தொலைத்தேன். கூட இருந்த பசங்க எல்லாம் ஒரே சிரிப்பு. "அதெல்லாம் நாடகக்காரங்க பேச்சுப்பா, எஃப் மேஜர்னு சொல்லு" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த நாடகக்காரர் வேறு யாருமில்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் தாத்தாதான். ஸ்பெஷல் நாடகங்களுக்கு முப்பது வருஷம் ஆர்மோனியப் பின்பாட்டு வாசித்தவர்.

கட்டை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஆர்மோனியத்தில் நாம் விரல் வைத்து அழுத்துகிற மரத்துண்டுதான் கட்டை. வெள்ளைக் கட்டைகளை சி-யில் ஆரம்பித்து எண்ணிக்கொண்டே போக வேண்டும். சி ஒன்று, டி இரண்டு, இப்படியே பி ஏழு. நடுவில் வரும் கறுப்பு 'அரை'. சி ஷார்ப் ஒன்றரை, டி ஷார்ப் இரண்டரை, எஃப் ஷார்ப் நாலரை, ஜி ஷார்ப் ஐந்தரை, ஏ ஷார்ப் ஆறரை. மூன்றரை மட்டும் கிடையாது, ஏனென்றால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பே இல்லை. அதே காரணத்தால் ஏழரையும் கிடையாது. சனி பகவான் எட்டிப் பார்க்காத ஒரே இடம் ஆர்மோனியப் பெட்டி :-)

மாஸ்டர் சொன்னதில் ஒரு சின்னப் பிழை இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நாலு கட்டை வேறு, எஃப் மேஜர் வேறு. மேஜர் என்று சொன்ன உடனே எந்தெந்த ஸ்வரம் என்பதும் முடிவாகிவிடுகிறது. கட்டை அப்படியில்லை. ஸா எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதன் மேல் சங்கராபரணம் பாடுவதும் தோடி பாடுவதும் உங்கள் பாடு.

ஸ்பெஷல் நாடகத்துக்கு இது எவ்வளவு அவசியம் என்று தாத்தா சொல்லித்தான் தெரியும். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். பெட்டிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன கட்டை?" வள்ளிக்கு ஒரு கட்டை, வேலனுக்கு ஒரு கட்டை என்று விடிய விடிய விரல் மாறிக்கொண்டே இருக்கும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று ஆண்களும் உச்சத்தில் பாடினார்கள். எங்கள் ஊர் வழியாகத் தெற்கே போகிற ரயிலில் ஏறினால் வரும் செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா (1906-1933) அந்த உச்சத்துக்குப் பேர்போனவர். அவருக்கு ஆர்மோனியம் வாசித்தது அவர் அண்ணன் காசி ஐயர்.

இத்தனைக்கும் அந்தப் பெட்டி நம்முடையது இல்லை. 1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை வாங்கியது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதை, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றினார். கமகம் வராது, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே குழைய முடியாது என்று 1940இல் ஆல் இந்தியா ரேடியோ அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. புகார் நியாயமானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பெட்டியை வாசலோடு நிறுத்திய கச்சேரிக்காரர்களும் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது "ஒன்றரையா, ரெண்டா?" என்றுதானே கேட்டார்கள்? இன்றைக்கும் அப்படித்தான்.

போன மாதம் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். "அஞ்சு கட்டை வைடா" என்றார் தாத்தா. நான் டிரான்ஸ்போஸ் பட்டனை ஏழு தடவை தட்டிவிட்டு, சி-யிலேயே விரல் வைத்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அவர் பாட ஆரம்பித்தார், மேலே போகும்போது குரல் உடைந்தது. "நாலு" என்றார். மறுபடி தட்டினேன். அதுவும் எட்டவில்லை. "ரெண்டரை." மறுபடி பட்டன். அவர் பாடுவதை நிறுத்திவிட்டு என் விரலையே பார்த்தார்.

"என்னடா, நான் எந்தக் கட்டை சொன்னாலும் நீ ஒரே இடத்துல உக்காந்திருக்க?"

பட்டனைக் காட்டினேன். கோபப்படவில்லை. "இது இருந்திருந்தா எனக்கு ராத்திரி கை வலிச்சிருக்காது" என்று சொல்லிவிட்டு, பட்டனைப் பழையபடி வைக்கச் சொன்னார். என் கட்டைவிரலைப் பிடித்து சி ஷார்ப்பில் வைத்தார். "இப்ப எனக்கு ஒன்றரைதான். அதுல வாசிச்சுப் பழகிட்டு வா."

ஒன்றரையில் சங்கராபரணம் வாசித்துப் பாருங்கள், தெரியும். அஞ்சு கறுப்பையும் தொட வேண்டும், வெள்ளை ரெண்டே ரெண்டு. தினமும் ராத்திரி அரை மணி நேரம் உட்காருகிறேன். ஆரோகணம் வந்துவிட்டது. இறங்கும்போதுதான் நாலரையில் விரல் வழுக்குகிறது.