எடை குறைஞ்சாச்சு... இனி எவ்வளவு சாப்பிடலாம்? - ஒரு இட்லியில் தொடங்கிய என் `ரிவர்ஸ் டயட்'!

எடையைக் குறைக்க வழி சொல்ல ஊரே தயாராக இருக்கிறது. யூடியூப், ஜிம் மாஸ்டர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி என ஆளுக்கொரு டிப்ஸ். ஆனால், குறைத்த எடையை அப்படியே வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் ஒற்றை வரி பதில்தான் வரும்: `வாயைக் கட்டு!' எத்தனை நாளைக்கு? ஆயுசுக்கும் 1,400 கலோரியிலேயே இருந்துவிட முடியுமா?

8 மாதங்களில் 74 கிலோவிலிருந்து 62 கிலோவுக்கு வந்து நின்றபோது எனக்கு வந்த கேள்வி இது. என்னுடையது பட்டினி டயட் இல்லை. உயரம், வயது, உட்கார்ந்தே பார்க்கிற டெஸ்க் வேலை என எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து டயட்டீஷியன் எழுதிக் கொடுத்ததுதான் அந்த 1,400. நன்றாகவே வேலை செய்தது. ஆனால், கடைசி இரண்டு மாதங்களில் ஆபீஸ் ஏ.சி-யில் எனக்கு மட்டும் குளிரும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்திலேயே பசிக்கும். நைட் ஷிஃப்ட்டில் தலைப்பு எழுத உட்கார்ந்தால், மனசு முழுக்கப் பரோட்டா.

"போதும்மா, இனி குறைக்க வேண்டாம். கூட்டலாம்" என்றார் டயட்டீஷியன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்.

காரணம், என் பெரியம்மா. அண்ணன் கல்யாணத்துக்காக ஆறு மாதம் ராத்திரியில் வெறும் மோர் குடித்து 10 கிலோ குறைத்தவர். கல்யாணம் முடிந்த மறுநாளே டயட்டும் முடிந்தது. அடுத்த தீபாவளிக்குள் 10 கிலோவும் திரும்பி வந்துவிட்டது, கூடவே சொந்தக்காரர்களின் கமென்ட்டும். இப்போதும் அந்த ஆல்பத்தைப் புரட்டினால், தன் போட்டோ இருக்கும் பக்கத்தை மட்டும் வேகமாகத் தள்ளிவிடுவார். "எனக்குக் கட்டுப்பாடு பத்தாதுடி" என்பார்.

கட்டுப்பாடு மட்டும்தான் காரணமா? தேடிப் படித்தால், இல்லை. எடை குறைந்த உடம்புக்குத் தேவைப்படும் கலோரியும் குறைவு. `இருப்பு போதும்' என மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. அமெரிக்காவின் `தி பிக்கஸ்ட் லூசர்' டி.வி நிகழ்ச்சியில் எடை குறைத்த 14 பேரை 6 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பியிருந்தது. ஆனாலும், ஓய்வில் அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. அவர்கள் குறைத்தது மிக வேகமாக, மிக அதிகமாக. என்னைப்போல மெதுவாகக் குறைத்தவர்களுக்கும் அதே அளவு பாதிப்பு என்று பயப்படத் தேவையில்லை. ஆனால், டயட் முடிந்த மறுநாளே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பது புரிந்தது. பெரியம்மாவுக்கு இதை யாரும் சொல்லவே இல்லை.

100 கலோரி என்பது எவ்வளவு?

எனக்குக் கிடைத்த திட்டம் எளிமையானது. வாரத்துக்கு 100 கலோரி கூட்ட வேண்டும். எடை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு படி இறங்கி நின்றுவிட வேண்டும்.

முதல் வாரம், காலையில் கூடுதலாக ஓர் இட்லியும் பொடிக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயும். அவ்வளவுதான், 100 முடிந்தது. இரண்டாவது வாரம் ஒரு டம்ளர் பால். மூன்றாவது வாரம் மதியம் அரை கப் சாதம். நான்காவது வாரம் மாலையில் ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலை.

8 மாதங்களாக "வேணாம்மா" என்று மட்டுமே கேட்டுப் பழகிய அம்மாவிடம், "ஒரு இட்லி வைம்மா" என்றேன். மூன்று வைத்தார். `ஒண்ணுதான்' என்று புரியவைக்க ஒரு வாரம் ஆனது. பிறகு, திங்கட்கிழமை ஆனால், "இந்த வாரம் என்னடி சேர்க்கணும்?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார். எனக்கெனத் தனியாக இருந்த டப்பா போய், எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் திரும்பியது.

1.1 கிலோ ஏறிய வாரம்

முதல் வாரக் கடைசியில் மெஷின் 63.1 காட்டியது. `ஒரு இட்லிக்கு ஒரு கிலோவா?' என்று கை நடுங்கியது. கணக்குப் போட்டால் விஷயம் வேறு. ஒரு கிலோ கொழுப்பு சேர, சுமார் 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். நான் ஒரு வாரத்தில் கூட்டியதே 700தான். மாவுச்சத்தைக் கூட்டும்போது உடம்பு அதைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்கிறது. உப்பு, மாதவிடாய் நாள்கள் எல்லாமே முள்ளை ஆட்டும். அன்றிலிருந்து ஒரு நாள் எடையைப் பார்ப்பதை விட்டு, வாரச் சராசரியை எழுதத் தொடங்கினேன். பயத்தைப் பாதியாக்கியது அந்த நோட்டுதான்.

1,900-ஐத் தொட்டபோது மூன்று வாரங்கள் தொடர்ந்து சராசரி மெல்ல ஏறியது. ஒரு படி இறங்கி 1,800-ல் நின்றேன். குளிரும் பசியும் மெல்ல அடங்கின.

மெதுவாகக் கூட்டினால் மெட்டபாலிசம் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று சில வீடியோக்கள் சொல்கின்றன. அதை நம்ப வேண்டாம். "நேரா 1,800-க்கும் போகலாம், தப்பில்லை. பயம் இருக்கிறவங்களுக்குப் படிப்படியா போறது நல்லது" என்றார் டயட்டீஷியன். படிப்படியாகப் போனதில் எனக்குக் கிடைத்தது, சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கப் பழகும் நேரம்.

உங்கள் எண் என் எண்ணாக இருக்காது. சர்க்கரை நோய், தைராய்டு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே எதையும் மாற்றுங்கள்.

இப்போது 5 மாதங்களாக 62-க்கும் 64-க்கும் நடுவில் இருக்கிறேன். ஸ்டேட்டஸ் போட இதில் ஒன்றும் இல்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்பதற்கு யார் லைக் போடுவார்கள்? போன வாரம் வீட்டுக்கு வந்த பெரியம்மா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்படியே இருக்கியேடி... எப்படி?"

நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.