தோளில் பையோடு வாசலில் நின்றோம்



"சிங்கப்பூர் போயிட்டு வந்தீங்களே, ஒண்ணும் எழுதலையே"ன்னு நம்ம குழுவுல பலர் கேட்டுட்டீங்க. எழுதினா எங்க தப்பு ஒண்ணையும் சேர்த்து எழுதணும். அதுக்கு மனசு வர்றதுக்குத்தான் இத்தனை நாள் ஆச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

எங்க ரெண்டு பேரையும் உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருத்தர் மருந்துக்கடை வெச்சிருக்கார். பதினஞ்சு வருஷமா திருவிழான்னா வரிசை கட்டுறதும், அன்னதானப் பந்தியில டோக்கன் பாத்து உள்ளே விடுறதும் எங்க வேலை. டூர் கம்பெனி, கைடு எதுவும் வேண்டாம்னு ஆளுக்கு ஒரு முதுகுப் பையோட கிளம்பினோம். திருச்சியில ராத்திரி விமானம் ஏறி, ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில சிங்கப்பூர்ல இறங்கினோம்.

லிட்டில் இந்தியாவை அங்க இருக்கிற தமிழர்கள் தேக்கான்னுதான் சொல்றாங்க. டன்லப் தெருவுல அடுக்குக் கட்டில் போட்ட ஒரு ஹாஸ்டல்ல இடம் பிடிச்சிருந்தோம். போனா, "மத்தியானம்தான் ரூம்"னுட்டாங்க. தூக்கமில்லாத கண்ணு, கசங்கின சட்டை, முதுகுல மூட்டை. வேற போக்கிடம் தெரியாம சிராங்கூன் சாலையில இருக்கிற கோயில்கள்ல ஒண்ணுக்கு நடந்தோம்.

வாசல்ல வந்ததும் எங்க கால் தானா நின்னுடுச்சு. பதினஞ்சு வருஷமா அடுத்தவங்களைப் பாத்து நாங்க சொன்னதெல்லாம் காதுல கேட்டுச்சு. "பையோட உள்ள வராதீங்க." "ஓரமா நில்லுங்க." யாராவது அதையே எங்ககிட்ட சொல்லப் போறாங்கன்னு காத்துக்கிட்டு நின்னோம்.

உள்ளேயிருந்து வயசான ஒரு அம்மா வந்தாங்க. தொண்டூழியர் அட்டை கழுத்துல தொங்குது. எங்களை மேலயும் கீழயும் பாத்தாங்க. "பையை அந்தத் தூண் பக்கம் வைங்கப்பா, ஒண்ணும் ஆகாது. கால் கழுவிட்டு வாங்க. சாப்பிட்டீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாங்க. எங்கிருந்து வர்றீங்க, என்ன விஷயம்னுகூடக் கேக்கல. தொன்னையில சுடச்சுடப் பொங்கல் வந்துச்சு. எங்களால வாயைத் திறந்து பேச முடியல.

ஏன்னு சொல்றோம். போன வருஷம் நம்ம திருவிழா அன்னதானத்துக்கு ரெண்டு பசங்க வந்தாங்க. பெரிய பெரிய பை, தூசி படிஞ்ச முகம், பேச்சு வேற ஊர்ப் பேச்சு. டோக்கன் இல்ல. "டோக்கன் வாங்கிட்டு வாங்க, பையை வெளியில வெச்சிட்டு வாங்க"ன்னோம். டோக்கன் எங்க தர்றாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது, பையை வைக்க ஒரு இடமும் கிடையாது. கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில நின்னாங்க. அப்புறம் பாத்தா ஆளைக் காணோம். அன்னிக்கு ராத்திரி ஒரு அண்டா சாம்பார் சாதம் மிஞ்சி, மாட்டுக்கு வெச்சோம். அப்போ எங்களுக்கு எதுவும் உறுத்தல. தேக்காவுல அந்தத் தொன்னை கையில இருக்கும்போதுதான் உறுத்துச்சு.

சாயங்காலம் தேக்கா வேற ஊரா மாறிடுச்சு. ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு விடுமுறை. தூரத்துல இருக்கிற விடுதிகள்லேர்ந்து பஸ் பஸ்ஸா வந்து இறங்குறாங்க. காய்கறிக் கடை, பணம் அனுப்புற கடை, போன் கடை எல்லாத்துலயும் வரிசை. கோயில் பந்தியில தண்ணி ஊத்திக்கிட்டிருந்த ஒரு தம்பிகிட்ட பேச்சுக் கொடுத்தோம். அறந்தாங்கிப் பக்கம், கட்டட வேலை. "வாரத்துல ஒருநாள் லீவு, அதையும் இங்க நின்னு கழிக்கிறியேப்பா?"ன்னோம். சிரிச்சார். "வந்த புதுசுல மொத சம்பளம் கைக்கு வர்ற வரைக்கும் ஞாயித்துக்கெழம சோறு இங்கதாண்ணே. அந்தக் கணக்கு இன்னும் தீரல."

அந்தக் கணக்கு அவரோட மட்டும் முடியுறது இல்லைன்னு மறுநாள் புரிஞ்சுது. சைனாடவுன்ல சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். சிங்கப்பூரோட ரொம்பப் பழைய இந்துக் கோயில் இதுதான். 1819ல ராஃபிள்ஸோட பினாங்குலேர்ந்து வந்த நாராயண பிள்ளை, 1827ல மரமும் அத்தாப்பு ஓலையுமா எழுப்பினது. முதல்ல அவருக்குக் கோயில் கட்டக் கொடுத்த இடம் கடற்கரை ஓரமா தெலுக் ஆயர் தெருவுல. பூஜைக்கு நல்ல தண்ணி அங்க கிடைக்கல, அதனால வேற இடம் தேட வேண்டியதாச்சு. கப்பல்ல வந்து இறங்கி, தெரிஞ்சவங்க யாரும் இல்லாத நம்ம ஆளுங்களுக்கு வேலையும் வீடும் கிடைக்கிற வரைக்கும் இந்தக் கோயில்தான் தங்குமிடமா இருந்திருக்கு. ஒரு காலத்துல இந்துக் கல்யாணங்களை நடத்திப் பதிவு செய்ய அதிகாரம் இருந்ததும் இந்தக் கோயிலுக்கு மட்டும்தான். யோசிச்சுப் பாருங்க. கையில மூட்டையோட வந்தவனுக்கு முதல் ராத்திரி படுக்க இடம், பின்னாடி கல்யாணத்துக்கும் அதே வாசல்.

அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்கு நடந்தோம். கடற்கரைத் தெருன்னு சொல்றாங்களே, கடல் எங்கன்னு தேடினா கண்ணுக்கெட்டின வரைக்கும் ஆபீஸ் கட்டடம்தான். 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில கடலைத் தூர்த்து நிலமாக்கிட்டாங்க. ஆனா பழைய கரை எங்க இருந்துச்சுன்னு வழிபாட்டு இடங்கள் காட்டிக் கொடுத்துடுது. தமிழ் முஸ்லிம்கள் 1828லேர்ந்து 1830க்குள்ள கட்டின நாகூர் தர்கா அங்க இருக்கு. அதே தெருவுல, கடல் தெய்வமான மாசு அம்மனுக்குச் சீனர்கள் கட்டின தியான் ஹொக் கெங் கோயிலும் இருக்கு. கரை ஏறினதும் முதல்ல நன்றி சொல்ல ஒரு இடம் வேணும்னு எல்லாருக்கும் தோணியிருக்கு.

மூணாவது நாள் வாட்டர்லூ தெரு. கிருஷ்ணன் கோயிலும் சீனர்களோட குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்துல. அங்க கும்பிட்டுட்டு வர்ற சீனப் பாட்டிங்க அப்படியே நம்ம கோயில் வாசல்லயும் நின்னு ஊதுபத்தி ஏத்திட்டுப் போறாங்க. யாரும் யாரையும் தடுக்கல. அன்னிக்கே சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும், தைப்பூசக் காவடி போற வழியில நடந்தோம். ஏறக்குறைய 4 கிலோமீட்டர். பை கனத்துச்சு. அலகு குத்திக் காவடி தூக்கிட்டு நடக்கிறவங்களை நினைச்சதும் வாயை மூடிக்கிட்டோம். 1859ல நகரத்தார் கட்டின கோயில், அதனால ஊர்ல செட்டியார் கோயில்னே பேரு. வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் போனோம். இரண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப ஜனங்க ஓடி வந்து ஒதுங்கின இடம் அது.

கடைசி நாள் கடல் பாக்க ஆசை. கிழக்குக் கோடியில பாசிர் ரிஸ் வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். லோயாங் பக்கம் ஒரு கோயில் இருக்கு, லோயாங் துவா பெக் கோங்னு பேரு. 1980கள்ல அந்தக் கடற்கரையில யாரோ கைவிட்டுப் போன சாமி சிலைங்க கிடந்திருக்கு. சீனச் சாமி, இந்துச் சாமின்னு கலந்து. அதைப் பாத்த சில நண்பர்கள் மனசு கேக்காம எல்லாத்தையும் எடுத்து, செங்கலும் தகரமுமா ஒரு கொட்டகை போட்டு வெச்சாங்களாம். 1996ல அது தீப்பிடிச்சுப் போச்சு. திரும்பக் கட்டி, 2007ல இப்ப இருக்கிற இடத்துக்கு வந்திருக்காங்க. ஒரே கூரைக்குக் கீழ சீன தெய்வங்கள், புத்தர், நம்ம பிள்ளையார், ஒரு முஸ்லிம் பெரியவருக்கான கேரமாட் எல்லாம் இருக்கு. கேரமாட்டுக்கு மரியாதையா, பன்றிக்கறி சாப்பிட்டுட்டு வர வேண்டாம்னு வர்றவங்களைக் கேட்டுக்கிறாங்க.

பிள்ளையார் முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். அப்புறம் சாங்கி கடற்கரைக்குப் போய், தலைக்கு மேல இறங்குற விமானங்களைப் பாத்துக்கிட்டு மணல்ல கிடந்தோம். எங்களுக்குள்ள ஒரே பேச்சுதான். கடற்கரையில அனாதையா கிடந்தது சாமின்னு தெரிஞ்சதும் நாலு பேரு தூக்கிட்டுப் போய்க் கூரை போட்டாங்க. நம்ம வாசல்ல வேப்பமரத்தடியில நின்னது யாருன்னு நாம பாக்கவே இல்லையே.

ஊருக்கு வந்ததும் கமிட்டியில பேசி மூணு காரியம் செஞ்சிருக்கோம். மண்டபத்துக்குப் பக்கத்துல பை வைக்க ஒரு அலமாரி, ஒரு ஆள். டோக்கன் இல்லாதவங்களுக்குக் கடைசிப் பந்தி, யாரா இருந்தாலும். வாசல்ல நிக்கிற தொண்டர் முதல்ல கேக்க வேண்டியது, "சாப்பிட்டீங்களா?" கூட்டம் தாங்காதுன்னு சிலர் சொன்னாங்க. அதுவும் நியாயம்தான், வரிசை இல்லாம திருவிழா நடத்த முடியாது. வரிசை இருக்கும். வரிசை தெரியாதவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர ஒரு ஆளும் இருப்பாங்க. முடிஞ்சவங்க அந்த வேலைக்குப் பேர் கொடுங்க.

சிங்கப்பூர் போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை: கோயில்களைப் பெரும்பாலும் மத்தியானம் நடை சாத்திடுறாங்க, காலையிலயோ சாயங்காலமோ போங்க. ரயில்ல தண்ணிகூடக் குடிக்கக் கூடாது, அபராதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவுல ஒரு மணி நேரமாவது நில்லுங்க, நம்ம ஊர்ப் பிள்ளைங்க இருப்பாங்க, பேசுங்க.

அந்த ரெண்டு பசங்க பேரு எங்களுக்குத் தெரியாது. எந்த ஊர்னும் தெரியாது. இந்தப் பதிவு அவங்க கண்ணுல படுமாங்கிறதும் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பட்டா, தம்பிங்களா, மன்னிச்சிடுங்க. அடுத்த திருவிழாவுக்கு வாங்க. பையோடயே வாங்க.

சிவாய நம.