காவலுக்கு நின்ற ஆட்டக்காரர்கள்

போர் வரும்போது விளையாட்டு என்னவாகிறது என்ற கேள்வி 2025 மே மாதத்திலிருந்து என்னை விடாமல் தொடர்கிறது. என் முனைவர் பட்ட ஆய்வுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் 1941ஆம் ஆண்டின் ஒரு சிறிய கல்லூரி அணியைப் பற்றிப் படித்தவற்றை இங்கே எழுதிவைக்கத் தோன்றுகிறது. சற்று நீளமான பதிவு, நண்பர்கள் பொறுத்தருள்க.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தலைநகர் சேலம். நம் ஊர்ச் சேலத்துக்கும் அதற்கும் உறவில்லை. அமைதியைக் குறிக்கும் விவிலியப் பெயர் அது. அங்குள்ள வில்லாமெட் பல்கலைக்கழகம் 1842இல் மெதடிஸ்ட் மறைப்பணியாளர்கள் தொடங்கிய சிறிய நிறுவனம். அதன் அமெரிக்கக் கால்பந்து அணி, பருவத்தின் இறுதி ஆட்டங்களுக்காக ஹவாய்க்குக் கப்பலேறியது. பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். டிசம்பர் 6 அன்று ஹொனலூலுவில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்திடம் 20-6 என்று தோற்றார்கள். மறுநாள் ஞாயிறு, ஊர் சுற்றிப் பார்ப்பதற்குரிய நாள். அன்று காலையில்தான் பேர்ல் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின.

எஞ்சிய ஆட்டங்கள் கைவிடப்பட்டன. திரும்பிச் செல்லக் கப்பல் இல்லை. வில்லாமெட் அணியினரின் கையில் முதல் உலகப்போர்க் காலத்துப் பழைய துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன. இராணுவம் எடுத்துக்கொண்ட புனாஹௌ பள்ளிக்கு அவர்கள் இரவும் பகலும் காவல் நின்றார்கள். அதே ஆட்டத்தொடருக்கு வந்திருந்த சான் ஹோசே கல்லூரி அணியினர் ஹொனலூலு காவல்துறைக்கு உதவினார்கள். டிசம்பர் 19 அன்று காயமுற்றோரை ஏற்றிச் சென்ற பிரசிடெண்ட் கூலிட்ஜ் கப்பலில் வில்லாமெட் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. வழியெல்லாம் காயமுற்றோரைக் கவனித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் நாளன்று சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார்கள்.

மொழியியல் படித்தவளுக்கு இவ்விடத்தில் சொற்கள் கண்ணில் படாமல் போகா. அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசையில் நிற்கும் ஓர் ஆட்டக்காரருக்குக் ‘கார்டு’ என்று பெயர். இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் கோட்டைக் குறிக்கும் ‘ஸ்கிரிமேஜ்’, சிறு மோதலைக் குறிக்கும் ‘ஸ்கிர்மிஷ்’ என்பதன் திரிபு. போர்க்களத்திலிருந்து கடன் வாங்கிய சொற்களைக்கொண்டு பருவம் முழுதும் ஆடியவர்களிடம், ஒரே நாளில் அச்சொற்கள் தம் பழைய பொருளோடு திரும்பி வந்தன. உருவகம் நேர்ப்பொருளாகிவிட்ட தருணம் அது.

வீரக்கதையாக இதை இங்கேயே முடித்துவிடலாம். பலரும் அவ்வாறே முடிக்கிறார்கள். ஆனால் அதே டிசம்பர் 7 அன்று ஹவாய்ப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் துப்பாக்கிகள் தரப்பட்டன. படைப்பயிற்சி பெற்றுவந்த அவர்கள் பிரதேசக் காவற்படையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜப்பானிய வம்சாவளியினர். 1942 சனவரியில் அந்த வம்சாவளியினர் மட்டும் படையிலிருந்து நீக்கப்பட்டார்கள். காரணம் அவர்களுடைய நடத்தையன்று, முன்னோரின் நாடு. அதற்கு அவர்கள் தந்த மறுமொழி வியப்பிற்குரியது. 169 பேர் ஆயுதமில்லாத உழைப்புப் படையாகத் தம்மை ஒப்படைத்து, கல்லுடைத்தும் சாலையமைத்தும் பணியாற்றினார்கள்.

ஆரிகன் மாநிலத்திலேயே இன்னொருவர் இருந்தார்: ஆரிகன் அரசுக் கல்லூரி அணியின் ஜேக் யோஷிஹாரா. அவ்வணி ரோஸ் பவுல் ஆட்டத்திற்குத் தகுதி பெற்றிருந்தது. மேற்குக் கடற்கரையில் தாக்குதல் நிகழலாம் என்ற அச்சத்தால் 1942 சனவரி 1 ஆட்டம் பசடீனாவிலிருந்து வட கரோலினாவின் டர்ஹமுக்கு மாற்றப்பட்டது. அணி சென்றது, 20-16 என்று வென்றது. ஜப்பானில் பிறந்தவர் என்பதால் யோஷிஹாரா பயணம் செய்ய அனுமதிக்கப்படவில்லை. பின்னர் அவர் அடைக்கப்பட்டது இடாஹோவின் மினிடோகா தடுப்பு முகாமில்.

ஒரே மாதம், ஒரே வயது, ஒரே வகுப்பறை வாழ்க்கை. ஒருவர் கையில் துப்பாக்கி கொடுக்கப்படுகிறது. இன்னொருவர் கையிலிருந்து பிடுங்கப்படுகிறது. மூன்றாமவர் ஆடுகளத்துக்கே போகக் கூடாதென்று நிறுத்தப்படுகிறார்.

2025 மே 8 அன்று தர்மசாலாவில் ஐபிஎல் ஆட்டம் பாதியில் நின்று விளக்குகள் அணைந்ததை, வட இந்தியாவில் நான் தங்கியிருந்த விடுதியின் தொலைக்காட்சியில் பார்த்தோம். மறுநாள் தொடர் ஒரு வாரம் ஒத்திவைக்கப்பட்டது. எங்கள் பேச்செல்லாம் இரயில் பயணச்சீட்டைப் பற்றியும் தேர்வுகளைப் பற்றியும்தான். காஷ்மீரைச் சேர்ந்த சக ஆய்வாளர் ஒருவர் மட்டும் அதற்கும் இரு வாரங்கள் முன்பிருந்தே பொது அறைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். ‘எந்த ஊர்?’ என்று எவரும் கேட்டுவிடுவரோ என்ற தயக்கம். எனக்கு அக்கேள்வி வெறும் நலவிசாரிப்பு. அவருக்கு அது விசாரணை. ஒரே வினா வாக்கியம், ஒரே சொற்கள். கேட்கப்படுபவரைப் பொறுத்துப் பொருள் மாறிவிடுகிறது. சூழற்பொருளியல் பாடத்தில் இதை ஓராண்டு படித்தேன். அந்த வாரத்தில்தான் அது உறைத்தது.

யோஷிஹாராவுக்கும், அவரைப் போலவே படிப்பு பறிக்கப்பட்ட மற்ற மாணவர்களுக்கும் அவர்களுடைய பல்கலைக்கழகம் 2008இல் மதிப்புறு பட்டம் வழங்கியது. அறுபத்தாறு ஆண்டுகள்! வில்லாமெட் அணியின் கதையை வகுப்பறையில் சொல்ல விரும்பும் ஆசிரியர்கள், புனாஹௌ வாயிலில் நின்றவர்களோடு மினிடோகாவின் கம்பிவேலிக்குள் நின்றவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். போர் வரும் நாளில் எந்த மாணவர் யாரால் எந்தக் கண்ணோடு பார்க்கப்படுகிறார் என்பதைப் பல்கலைக்கழகங்கள் கவனித்தாக வேண்டும். அதற்கு அறுபத்தாறு ஆண்டுகள் தேவையில்லை.