கன்னியர் மடத்தின் கதவைத் திறந்தவர்கள்

குன்றக்குடி ஆதீனத்தைப் பற்றிப் பேசுகிறவர்களிடையே ஒரு கருத்து உண்டு. தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925–1995) சைவ மடத்தை மக்கள் பணிக்குத் திருப்பினார். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்துக் கிராமத் திட்டம் வகுத்தார். 1982இல் மண்டைக்காட்டில் மதக் கலவரம் வெடித்தபோது மீனவர் குடியிருப்புகளுக்கே போய்ச் சமாதானம் பேசினார். இதெல்லாம் கிறிஸ்தவத் துறவிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்பதுதான் அந்தக் கருத்து. பாராட்டாகவும் இதைச் சொல்வார்கள், குறையாகவும் சொல்வார்கள். இரண்டு தரப்பும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகிற கன்னியர், ஐரோப்பாவில் முழு உருவம் பெற்றே கப்பலேறி இங்கே வந்தார்கள் என்பது. அது உண்மைதானா என்று அறியத்தான் சபைகளின் தொடக்க வரலாறுகளைத் தேடிப் படித்தேன். படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஜெபமும் வார்த்தைப்பாடும் (துறவற வாக்குறுதியும்) கடல் கடந்து வந்தன, பணியின் உருவத்தைத் தீர்மானித்தவர்கள், அது தேவைப்பட்ட இந்த மண்ணின் பெண்கள்.

இதற்கு முதல் சான்று புதுச்சேரியில் கிடைக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அங்கே தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு கார்மேல் மடம் இருந்தது. அது அடைப்பு மடம். உள்ளே போனவர்கள் ஜெபத்திலும் தவத்திலும் காலம் கழித்தார்கள், தெருவுக்கு வருவதில்லை. பிறகு 1827இல் பிரான்சிலிருந்து குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் வந்தார்கள். அவர்கள் கற்பிக்கத் தெரிந்தவர்கள், கற்பிக்கவே வந்தவர்கள். ஆனால் அவர்கள் பள்ளி ஐரோப்பியர் வீட்டுப் பெண்களுக்கும் கலப்பினக் குடும்பத்துப் பெண்களுக்கும் உரியதாக இருந்தது. ஆக, ஒரு பக்கம் தமிழ்த் துறவியர், அவர்களுக்கு வெளிவேலை இல்லை. மறுபக்கம் வெளிவேலை செய்யும் ஐரோப்பியத் துறவியர், அவர்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இடமில்லை. இறக்குமதியே போதுமானதாக இருந்திருந்தால், 1827க்குப் பின் தமிழ்ச் சிறுமிகளுக்கான பள்ளிகள் தாமாக முளைத்திருக்க வேண்டும். முளைக்கவில்லை.

1844 ஜனவரியில் ஆயர் பொன்னான் தலைமையில் புதுச்சேரியில் மிஷன் குருக்கள் கூடினார்கள். அந்தக் கூட்டம் கல்வியைப் பற்றியும் விரிவாகப் பேசியது. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாரிஸ் மிஷனைச் சேர்ந்த தந்தை லூயி சவினியேன் துப்புயி, தமிழ் இளம்பெண்கள் சிலரைக் கொண்டு மரியாயின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். மிஷன் அச்சகத்தை நடத்தியவர் அவர்; பின்னாளில் மூசேவுடன் சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியை உருவாக்கியவர். சபையின் வேலை, தமிழ்ச் சிறுமிகளுக்கு எழுத்தறிவிப்பது. இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்று எழுத்துப் படித்த பெண் என்றாலே ஊர் நினைத்தது கோயில் தேவதாசியைத்தான். வாசிக்கவும் பாடவும் கற்றுக்கொள்ள அனுமதி பெற்ற பெண்கள் அவர்கள் மட்டுமே என்று அதே பாரிஸ் மிஷனைச் சேர்ந்த துபுவா பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். குடும்பப் பெண்ணைப் படிக்க அனுப்பினால் பழிச்சொல் வரும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண் கல்விக்காக வாதாடிப் ‘பெண்மதி மாலை’ எழுதியது 1869இல், கால் நூற்றாண்டு கழித்து. அப்போதும் வாதாட வேண்டியிருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அந்தப் பழிச்சொல்லை உடைக்க எது உதவியது? ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். மணமான பெண்ணுக்கு வீட்டைவிட்டு வர வழியில்லை. மணமாகாத பெண் தனியே பள்ளி நடத்தினால் ஊர் வாய் சும்மா இராது. மிஞ்சியது, மணம் வேண்டாம் என்று கடவுள் முன்னிலையில் வாக்குக் கொடுத்து, சபையின் உடையில், துணைக்கு இன்னொரு சகோதரியோடு தெருவில் நடந்து வரும் பெண். துறவை மதிக்கப் பழகிய நாடு இது. அந்த மதிப்பு அவளுக்குக் காவலாக நின்றது. ஐரோப்பாவில் வார்த்தைப்பாடு நூற்றாண்டுக் கணக்கில் பெண்ணை மதிலுக்குள் வைத்தது. இங்கே அதே வார்த்தைப்பாடு அவளைத் தெருவுக்குக் கூட்டிவந்தது. திருச்சியில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். மறுமணச் சட்டம் 1856இல் வந்தும், உயர்சாதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள்கூடக் கைம்பெண்ணுக்கு மறுமணம் செய்துவைக்கவில்லை. இளவயதில் கணவனை இழந்த அன்னம்மாள், தன்னைப் போன்ற கைம்பெண்களைச் சேர்த்து உருவாக்கியதுதான் திருச்சி புனித அன்னாள் சபை. மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்டவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பணி செய்கிறவர்கள் ஆனார்கள். இந்தச் சபைக்கு ஐரோப்பாவில் முன்மாதிரி தேடினால் உருப்படியாக எதுவும் அகப்படாது. அது எந்தத் துயரத்திலிருந்து வந்ததோ, அந்தத் துயரம் நம் வீடுகளுக்குள் இருந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. பிரான்சின் நாந்த் நகரில் பிறந்த எலேன் தெ சப்போத்தேன், பரிகார மரியாள் சபையின் நவகன்னியாக (பயிற்சி நிலையில்) இருக்கும்போதே, 1865இல் மதுரை மிஷனுக்கு அனுப்பப்பட்டார். அந்தச் சபைக்கு இங்கே இருந்த முக்கிய வேலை, உள்ளூர்க் கன்னியர் சபை ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பது. கருத்து வேற்றுமை முற்றி, 1876இல் அவரும் ஏறத்தாழ 20 கன்னியரும் சபையைவிட்டு விலகி உதகமண்டலத்தில் கூடினார்கள். 1877 ஜனவரி 6இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி தந்தார். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் மரியின் பிரான்சிஸ்கன் மறைபணியாளர் சபை அப்படித்தான் நீலகிரியில் பிறந்தது. 1904இல் அவர் இறக்கும்போது 86 இல்லங்களில் 2,000க்கும் மேற்பட்ட கன்னியர் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சபை இது. அதன் பிரெஞ்சுப் பயிற்சி இல்லம் உதகைக்குப் பிறகு தொடங்கப்பட்டது.

தேவைதான் பணியை உருவாக்கியது என்ற உண்மை மருத்துவத்தில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கன்னியர் பிரசவம் பார்க்கவோ மருத்துவராகத் தொழில் செய்யவோ திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் இடம் தரவில்லை. பர்தா முறையில் வாழ்ந்த இந்தியப் பெண்களோ ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளாமல் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன், 1909இல் ராவல்பிண்டியில் பெண்களுக்காக ஒரு மருத்துவமனை திறந்தார். தடையை நீக்கும்படி ரோமாபுரியை விடாமல் கேட்டார். 1913இல் அவர் இறந்தபோதும் தடை நீங்கவில்லை. அவர் வழியில் ஆஸ்திரியாவின் அன்னா டெங்கல் 1920இல் ராவல்பிண்டிக்கு வந்தார். 1925இல் மருத்துவ மறைபணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் குண்டூரில் ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி கன்னியாகவே இருந்து மருத்துவம் பார்க்கப் பாப்பரசரிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1936 பிப்ரவரியில்தான் ரோமாபுரி பொது அனுமதி கொடுத்தது. கேட்பதற்குக் குரலே இல்லாமல் பிரசவ அறையில் கிடந்த பெண்கள் ஓர் உலகத் திருச்சபையின் சட்டத்தை மாற்றினார்கள் என்று நான் சொல்வது மிகையாகாது.

அப்படியானால் விசுவாசம் வெறும் சாக்குதானா என்று கேட்கலாம். சாக்கு ஒரு தலைமுறை தாங்கும். இந்தச் சபைகள் ஏழெட்டுத் தலைமுறையாக நிற்கின்றன. விடியுமுன் தியானம், திருப்பலி, பிறகு பள்ளி மணி, அந்தியில் மறுபடி நற்கருணை முன் மௌனம் என்று போகும் நாளில், நடுவிலுள்ள வேலை இரண்டு முனையிலும் ஜெபத்தால் கட்டப்பட்டிருக்கிறது. தேவை எதைச் செய்வது என்று சொன்னது. கூலியும் பேரும் இல்லாமல் ஐம்பது வருடம் அதையே செய்ய வைத்தது ஜெபம்தான். மதமாற்றத்துக்கான தூண்டில் என்ற குற்றச்சாட்டுக்கும் தொடக்க வரலாறே பதில் தருகிறது. 1844இன் பள்ளி முதலில் நினைத்தது, ஏற்கெனவே கிறிஸ்தவராக இருந்த குடும்பங்களின் பெண்களை. மதம் பரவ வேண்டும் என்ற ஆசை மிஷனுக்கு இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. சபைகளைப் பிறப்பித்த உடனடிக் காரணம் அதுவென்று காட்டத்தான் ஆதாரம் போதாது.

இன்னொரு தரப்பு, துறவியர் கற்பிக்கும் மரபு நம்மிடம் முன்பே இருந்தது என்று சொல்லும். உண்மைதான். குன்றக்குடி மலையிலேயே ஞானியார் மடம் எனப்படும் குகைத்தளத்தில் துறவியர் படுக்கைகளும் தமிழி எழுத்தும் இருக்கின்றன. கழுகுமலையில் சிறு புடைப்புச் சிற்பங்களின் கீழே செய்வித்தவர் பெயர்களில் சமணப் பெண் ஆசிரியர்களான குரத்தியர் பெயர்களும் உண்டு. வேடல் கல்வெட்டோ, முதலாம் ஆதித்தன் காலத்தில் கனகவீரக் குரத்தியாருக்கு 500 பேர் கொண்ட மாணவர் கூட்டம் இருந்ததைச் சொல்கிறது. ஆனால் அந்த மரபு இடையில் அறுந்துவிட்டது. 1844இன் பெண்களுக்குக் குரத்தியரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தொடர்ச்சி என்று பெருமை கொள்வதற்கு இதில் இடமில்லை. துறந்த பெண் கற்பிப்பது தமிழுக்கு அந்நியமில்லை என்பதற்கு மட்டும் சாட்சி இருக்கிறது.

எனக்கு மிகக் கடினமாகப் பட்ட மறுப்பு சாதி. தேவைப்பட்ட பெண்கள் பணியை உருவாக்கினார்கள் என்றால், எந்தப் பெண்கள்? 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கத்தோலிக்கத்தில் சாதி வழிபாட்டிலும் பள்ளியிலும் புகுந்திருந்தது. 1872இல் கட்டிய வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்தார்கள். பிரிப்பை நீக்கியபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. படிக்க முதலில் இடம் கிடைத்தது மேல்தட்டுப் பிள்ளைகளுக்கு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதே வேளையில், சேவையின் உருவம் அது தேவைப்பட்டவரைப் பொறுத்தது என்றால், யார் கேட்க அனுமதிக்கப்பட்டார்கள் என்பதையும் அது பொறுத்தே இருக்கும். 1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவற சபைகள் தங்கள் நிறுவனரின் மூல நோக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்றது. கன்னியருக்குள் மேல் வகுப்பு, வேலைக்காரச் சகோதரி என்ற ஐரோப்பியப் பிரிவினை ஒழிய வேண்டும் என்றும் சொன்னது. அதன்பின் பெரிய பள்ளி வளாகங்களைவிட்டுச் சகோதரிகள் பலர் சேரிகளிலும் கிராமங்களிலும் சிறு வீடுகளில் குடியேறினார்கள். அதைச் சிலர் மூலத்திலிருந்து விலகிப் போவதாகக் குறை சொன்னார்கள். 1844ஐப் படித்தவர்களால் அப்படிச் சொல்ல முடியாது.